தளத் தேர்வுக் குழு கொடுத்த குரல்

பிள்ளை பேசப் பன்னிரண்டு பட்டன் போதும். அந்தப் பன்னிரண்டு பட்டனைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். ஆளைப் பிடிக்க இன்டர்நெட்டில் ஒரு தளம் வேண்டும். எந்தத் தளம் என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு வேண்டும். குழு என்று ஒன்று கூடிவிட்டால் அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? விழுப்புரம் மாவட்ட மாற்றுத்திறனாளர் துணைக்கருவி மையத்தில் 2013 ஜூனில் தொடங்கி மூன்று வருஷம் நடந்தது இதுதான். கூட்டிச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. குறைத்துச் சொல்லலாம் என்றால் மனசு வரவில்லை.

ஜீவராஜ் திண்டிவனம் நேரு வீதியில் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, குடம், தூக்கு, தாம்பாளம் என்று வந்ததிலெல்லாம் பேர் வெட்டிக் கொடுப்பவர். பூர்வீகம் செஞ்சிப் பக்கம், சமணக் குடும்பம். மனைவி சந்திரவதி. ஒரே பெண் பிராமி.

பிராமிக்கு அப்போது ஒன்பது வயது. பிறக்கும்போது மூச்சு முட்டிப்போனதில் கழுத்து நிற்கவில்லை, கால் ஊன்றவில்லை, பேச்சும் வரவில்லை. உடம்பு மொத்தத்திலும் வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான் அவள் சொல்லுக்குக் கட்டுப்படும். ஆனால் புத்தியில் ஒரு குறையும் கிடையாது. டிவியில் ஜோக் வந்தால் அப்பாவுக்கு முன்னால் சிரிப்பாள். "தண்ணியா? பசியா? கொசு கடிக்குதா? சாய்ச்சு உக்கார வைக்கட்டுமா?" என்று சந்திரவதி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவாள். எந்தக் கேள்விக்குக் கட்டைவிரல் எழுகிறதோ அதுதான் விஷயம். குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் ஒரே ஒரு கஷ்டம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு வழியில்லை. ஒருமுறை மூன்று நாள் விடாமல் அழுதாள். வயிறா, பல்லா, தலையா, சளியா என்று கேட்டுக் கேட்டு இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. விரல் எழவே இல்லை. நாலாம் நாள் தலைக்குக் குளிப்பாட்டும்போதுதான் தெரிந்தது, கம்மலின் திருகாணி காது மடலுக்குள் புதைந்து சீழ் வைத்திருந்தது. "காதா" என்று கேட்க அந்த மூன்று நாளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சந்திரவதி தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு அழுதாள். மறுநாள் காலையிலேயே ஜீவராஜ் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்.

மையத்தில் அவருக்கு முதலில் கிடைத்த மனுஷி சூர்யகலா. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவள் ஒரு டேப்லெட்டை எடுத்துக் காட்டினாள்.

"இதுல பன்னெண்டு கட்டம் வரும்ங்க. ஒவ்வொண்ணு மேலயும் வெளிச்சம் மெதுவா ஓடிக்கினே இருக்கும். வேணும்ங்கிற கட்டத்துக்கு வந்ததும் பாப்பா கட்டைவிரலால ஒரு தட்டு தட்டினா போதும், அது பேசும். தண்ணி, வலி, வயிறு, காது, எது வேணா வச்சிக்கலாம்."

"குரல் யாருதும்மா?"

"அம்மா குரலையே பதிஞ்சிக்கலாம்ங்க. பாப்பா பேசறா மாதிரியே இருக்கும்."

ஜீவராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் டேப்லெட்டில் வந்திருந்தது முழுக்க இங்கிலீஷ். தமிழுக்குத் தனியாக ஒரு ப்ரோக்ராம் எழுத வேண்டும். "வீட்டுல இருந்தே இந்த மாதிரி வேலைய எடுத்து எழுதித் தர்றவங்க ஆயிரம் பேரு இன்டர்நெட்ல இருக்காங்க. பத்து நாள் வேலைங்க" என்றாள் சூர்யகலா.

பக்கத்து மேஜையில் ஃபைலுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் கோதண்டபாணி தலை நிமிர்ந்தார். "இன்னாம்மா பத்து நாளு? சர்க்குலர் படிச்சியா?"

சர்க்குலர் சென்னையிலிருந்து வந்திருந்தது. தனியாக வேலை எடுத்துச் செய்யும் மென்பொருளாளர்களை மாவட்ட மையங்கள் அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் இணையத்தில் உள்ள தளங்களுள் சிறந்ததைக் குழு அமைத்துத் தேர்ந்தெடுத்து, அதன் வழியாக மட்டுமே அமர்த்த வேண்டும். கீழே கையெழுத்து, அதன் கீழே சீல்.

"சார், நானே கடன ஒடன வாங்கி வெளியில செஞ்சிக்கட்டுமா?" என்று கேட்டார் ஜீவராஜ்.

கோதண்டபாணி பரிவோடு சிரித்தார். "தாராளமா செஞ்சிக்கோ. வசதி இருக்குதுன்னு பயனாளி லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துடுவோம். வீல் சேரைத் திருப்பிக் குடுத்துடு. வாரா வாரம் கால் நீவி விட வர்ற அம்மாவையும் நிறுத்திடுவோம். உன் இஷ்டம்."

ஜீவராஜ் வீட்டுக்கு வந்து, சந்திரவதியைப் பக்கத்தில் உட்கார வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் பன்னிரண்டு சொல்லை எழுதினார். பிராமியைக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஒன்பதாவது சொல் "பொம்மை" என்று அவளே விரல் தூக்கிச் சம்மதித்தாள்.

குழு கூட நாலு மாதம் ஆனது. மையத்தின் தலைமை அலுவலர் தெய்வசிகாமணிதான் குழுத் தலைவர். பயனாளியின் தகப்பன் என்ற முறையில் ஜீவராஜ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தெய்வசிகாமணி மைக் இல்லாத அறையில் மைக் இருக்கிற பாவனையில் பேசினார்.

"ஒரு நல்ல ஆளைத் தேடிக் கண்டுபிடிச்சிடலாம். அது பெரிய விஷயமில்ல. ஆனா தப்பான தளத்து வழியா நல்ல ஆள் வந்துட்டா, நாளைக்கு ஆடிட்ல யாரு பதில் சொல்றது? சரியான தளத்து வழியா தப்பான ஆள் வந்தா பரவால்ல, அது அவன் தலையெழுத்து. இந்த வித்தியாசத்தைப் புரிஞ்சிக்கத்தான் எனக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் ஆச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஜீவராஜும் ஆட்டினார்.

சூர்யகலா மூன்று தளங்களின் பெயரைக் கொடுத்தாள். வாயில் நுழையாத பெயர்களாக இருந்ததால், அவற்றின் அடையாளப் படத்தில் இருந்த நிறத்தை வைத்துப் பச்சைக்காரன், மஞ்சக்காரன், ஊதாக்காரன் என்று கோதண்டபாணி ஃபைல் போட்டார். மூன்றையும் ஒப்பிட இருபத்து மூன்று கலங்கள் கொண்ட ஓர் அட்டவணை தயாரானது. கதவு எண், வீட்டு வரி ரசீது, உரிமையாளரின் தகப்பனார் பெயர், மாடியில் இருந்தால் படிக்கட்டு உண்டா இல்லையா என்றெல்லாம் அதில் இருந்தன. சக்கர நாற்காலி வாங்கியபோது கடைகளை ஒப்பிடத் தயாரித்த அட்டவணை அது. நல்ல அட்டவணையை எதற்கு மாற்றுவது?

அடுத்தது மூன்று கொட்டேஷன். அந்த அலுவலகத்தில் அதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. வேலை யாருக்குப் போகிறதோ அவரே, தோற்கப்போகிற மற்ற இரண்டு பேரின் கொட்டேஷனையும் எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டும். "நாற்காலி வாங்கினப்ப அந்த மனுஷன், ஒரே கையெழுத்தா தெரியக்கூடாதுன்னு ஒண்ணை எடது கையால எழுதிக்கினு வந்தான்யா. பாவம், நேர்மையான ஆளு" என்று கோதண்டபாணி இன்றைக்கும் நெகிழ்ந்து சொல்வார். அதே முறைப்படி பச்சைக்காரனுக்குக் கடிதம் போனது. தங்கள் விலைப்புள்ளியுடன், தங்களைவிடக் கூடுதலான தொகைக்கு மற்ற இரு தளங்களின் விலைப்புள்ளிகளையும் தாங்களே பெற்று, வெவ்வேறு நிற மையில், அரக்கு வைத்த உறையில் அனுப்புக.

சூர்யகலா அதைத் தலையெழுத்தே என்று இங்கிலீஷில் மாற்றித் தளத்தின் உதவிப் பெட்டியில் போட்டாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. எங்களைத் தொடர்புகொண்டதற்கு மகிழ்ச்சி, உங்கள் கோரிக்கை எண் இன்னது என்று கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற பதில்.

தெய்வசிகாமணி அந்தப் பதிலை இரண்டு நாள் சந்தேகத்தோடு வைத்திருந்தார். "ஒரு நிமிஷத்துல பதில் போடறான்னா அவன்கிட்ட வேலையே இல்லேன்னு அர்த்தம். இல்லாட்டி அவன்கிட்ட ஃபைலே கிடையாது. ரெண்டுமே ஆபத்து." பச்சைக்காரனுக்கு அவசரக்காரன் என்று குறிப்பு எழுதப்பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அதே கடிதம் மற்ற இரண்டு தளங்களுக்கும் போனது.

2014 பிறந்தது. ஜீவராஜ் மாதம் ஒருமுறை விழுப்புரம் போய் வந்தார். போகிற நாளெல்லாம் வேலை கெட்டது. ஒருநாள் அவர் கடை வாசலிலேயே மையத்தின் ஜீப் வந்து நின்றது. குழு தல ஆய்வுக்கு வந்திருந்தது. ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் குழு நேரில் பார்வையிட வேண்டும் என்பது விதி. பயனாளி இருக்கும் ஊரில் பார்வையிட்டால் இன்னும் சிறப்பு.

நேரு வீதியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குள் ஆறு பேர் நுழைந்தார்கள். சூர்யகலா மூன்று தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். தெய்வசிகாமணி மானிட்டருக்குப் பின்னால் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். எல்லோரும் திரையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கோதண்டபாணி அங்கேயே மகஜர் எழுதினார். "மேற்படி தளங்கள் மூன்றையும் பகல் பதினொன்றரை மணிக்கு நேரில் பார்வையிட்டோம். மூன்றும் நல்ல நிலையில் உள்ளன. எதற்கும் சுற்றுச்சுவர் இல்லை." சாட்சிக் கையெழுத்துக்கு எதிர் டீக்கடைக்காரர் வந்தார். இன்னொரு கையெழுத்து ஜீவராஜ் போட்டார்.

"சார், எப்ப சார் முடியும்?" என்று ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிக் கேட்டார்.

"பாதிக் கெணறு தாண்டியாச்சுப்பா" என்றார் தெய்வசிகாமணி.

தாண்டாத பாதியில் ஒரு ரோபோ இருந்தது. தளத்தில் கணக்குத் தொடங்கப் போனால், "நான் ரோபோ அல்ல" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போடச் சொன்னது. சூர்யகலா போடப்போன கையைக் கோதண்டபாணி பிடித்துக்கொண்டார்.

"யாரு போடறது? நீ போட்டா நீ ரோபோ இல்லேன்னு ஆவும். ஆபீஸ் ரோபோ இல்லேன்னு எப்படி ஆவும்? தலைவர்தான் போடணும்."

தெய்வசிகாமணி போட மறுத்துவிட்டார். அரசுப் பணத்தில் நடக்கும் மையத்தின் அலுவலர் தன்னைப் பற்றி இப்படி ஓர் உறுதிமொழி தரலாமா என்று வக்கீலிடம் கருத்துக் கேட்கப்பட்டது. எட்டு மாதம் கழித்துக் கருத்து வந்தது. பதவியில் இருக்கும்வரை அலுவலர் தன் சொந்த விருப்பப்படி எதுவும் செய்வதில்லை என்பதால் ரோபோ அல்ல என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் ஓய்வுபெற்ற பின் பிரச்சினை எழாதபடி, குழுவின் தீர்மானத்தோடு டிக் போட ஆட்சேபணை இல்லை.

டிக் போட்ட வாரத்தில் பச்சைக்காரன் வேறொரு தளத்தோடு சேர்ந்து பேரையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டான். பெயர் மாற்றத்துக்குக் கெசட் அறிவிப்பு எங்கே என்று கோதண்டபாணி கேட்டு எழுதினார். கோரிக்கை எண் ஒன்று வந்தது.

2015இல் பயனாளி விசாரணை வந்தது. பயனாளி நேரில் ஆஜராகித் தன் தேவையைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று விண்ணப்பத்தின் பதினேழாம் பத்தியில் இருந்தது. ஜீவராஜ் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, "சார், வாய் பேச வராததுக்குத்தான சார் கேக்கறோம்?" என்றார்.

"அது எனக்குத் தெரியுது. பதினேழுக்குத் தெரியணுமே?" என்றார் கோதண்டபாணி.

பிராமி அதற்குள் வளர்ந்திருந்தாள். வீல் சேரை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். பதினொரு வயசுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி இறங்குவதற்குள் ஜீவராஜுக்கு முதுகு விட்டுப்போனது. சந்திரவதி பின்னாலேயே தலையைத் தாங்கிக்கொண்டு வந்தாள். கூட்ட அறையில் தெய்வசிகாமணி கனிவோடு குனிந்தார்.

"சொல்லும்மா. உனக்கு இன்னா வேணும்?"

பிராமி கட்டைவிரலைத் தூக்கினாள். அவளிடம் இருந்த ஒரே சொல் அதுதான். தூக்கிய விரலை இறக்காமலே வைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஐந்து நிமிஷம் பொறுமையாகக் காத்திருந்தார்கள், பொறுமையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறகு கோதண்டபாணி எழுதிக்கொண்டார். "பயனாளி ஆஜரானார். ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை."

வீட்டுக்கு வந்த பிறகு சந்திரவதி அந்தக் காலண்டர் தாளை எடுத்து, ஒன்பதாவது வரியில் "பொம்மை" என்பதை அடித்துவிட்டு "இடுப்பு வலி" என்று எழுதினாள். பொம்மை கேட்கும் வயசு போய்விட்டது.

2016 மார்ச்சில் தளம் தேர்வானது. பச்சைக்காரன் அவசரக்காரன், பெயர் மாறியவன். ஊதாக்காரன் கடிதத்துக்கு மறு கேள்வி கேட்டவன். மஞ்சக்காரன் ஒருவன்தான் மூன்று வருஷத்தில் எந்தக் கடிதத்துக்கும் பதிலே போடவில்லை. "ஆட்சேபணை தெரிவிக்காத ஒரே தளம்" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நிதியாண்டு முடிய எட்டு நாள் இருந்தது. பன்னிரண்டு பட்டனுக்குப் பத்து நாள் வேண்டும். எனவே முதல் கட்டமாக ஒரு பட்டன் மட்டும் செய்வது, அதன் பயன்பாட்டைப் பார்த்து மீதிப் பதினொன்றை அடுத்த ஆண்டு யோசிப்பது என்று முடிவானது.

ஒரு பட்டன் என்றால் ஒரு சொல். எந்தச் சொல்? சந்திரவதி பிராமியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சபையில் எழுந்து நின்றாள்.

"வலின்னு வைங்க சார். அது ஒண்ணு போதும். வலிக்குதுன்னு தெரிஞ்சா எங்கன்னு நான் தேடிக் கண்டுபுடிச்சிக்குவேன்."

தெய்வசிகாமணி கையமர்த்தினார். அவர் அன்று பேசியது ஆண்டறிக்கையில் முழுசாக அச்சாகியிருக்கிறது.

"தாய்க்குலத்தோட வேதனை எனக்குப் புரியுது. ஆனா நாம உணர்ச்சிவசப்படக் கூடாது. வலின்னு வச்சா அது மருத்துவத் துறைக்குப் போவுது, அவங்க நம்மள கேப்பாங்க. தண்ணின்னு வச்சா நகராட்சி. பசின்னு வச்சா, ஒரு அரசு உதவி பெறும் கருவியே பசின்னு கத்துதுன்னு பேப்பர்காரன் எழுதுவான். எந்தத் துறைக்கும் போகாத, எவன் மேலயும் பொறுப்பு வராத, கேட்டவுடனே மனசு குளிர்ற சொல்லு தமிழ்ல ஒண்ணுதான் இருக்குது. நன்றி."

கைதட்டல் எழுந்தது. அம்மா குரல் என்று சூர்யகலா தொடங்கினாள். பயனாளியின் குடும்பத்தார் குரலை அரசுக் கருவியில் பதிந்தால் பின்னால் உரிமை கோரக்கூடும் என்று கோதண்டபாணி சொல்லிவிட்டார். தெய்வசிகாமணி தாமே பதிந்து கொடுத்தார். மேடைப் பழக்கத்தில் அவருக்கு "நன்றி" என்று மட்டும் நிறுத்த வரவில்லை. நாலு தடவை முயன்றும் "நன்றி, வணக்கம்" என்றே வந்தது. சரி, அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மஞ்சள் தளத்தின் வழியாக யாரோ ஒருவர், எந்த ஊரோ எந்த நாடோ, நாற்பது நிமிஷத்தில் அந்தப் பட்டனைச் செய்து அனுப்பினார். கூடவே ஒரு செய்தியும் எழுதியிருந்தார். ஒரு பட்டன் போதுமா, நிஜமாகவா? மீதிப் பதினொன்றையும் காசு வேண்டாமல் நானே போட்டுத் தருகிறேனே, அரை நாள் வேலைதான். சூர்யகலா அதைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் அறைக்கு ஓடினாள். அலுவலகத்துக்குக் கூலி வாங்காமல் வேலை செய்து தர முன்வருவது கையூட்டின் ஒரு வகை என்று குழு கருதியது. அந்த நல்ல மனுஷனுக்கு ஓர் எச்சரிக்கை போனது.

விழாவில் டேப்லெட்டைக் கொடுத்தார்கள். பிராமி அழுத்தினாள். தடித்த ஆண்குரலில் "நன்றி, வணக்கம்" என்றது. கைதட்டலில் மிரண்டு அவள் அழுதாள். அதைத் தெய்வசிகாமணி ஆனந்தக் கண்ணீர் என்று அறிவித்தார்.

பிறகு மூன்று வாரம் வீட்டில் பயிற்சி. அதற்கும் ஒரு சர்க்குலர் இருந்தது. கட்டைவிரல் பட்டனை விட்டு விலகாதபடி ஒரு பட்டையால் கட்ட வேண்டும். பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்கக் கூடாது. அழுத்தினால் மட்டும் ஓடிப்போய்க் கொஞ்ச வேண்டும். அப்போதுதான் பழகும். டேப்லெட்டுக்குள் ஒரு சிம் இருந்தது. எத்தனை தடவை அழுத்தினாள் என்று தினமும் விழுப்புரத்துக்குத் தானாகக் கணக்குப் போகும். அந்த எண்ணிக்கை ஏறினால்தான் மீதிப் பட்டன்.

சந்திரவதி சொன்னதைச் சொன்னபடி செய்தாள். பிள்ளை அழும்போது அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வாரம் பிராமி அழுவதை நிறுத்திவிட்டாள். எதற்கும் அழுத்தினாள். முன்பு அவளிடம் "ஆமாம்" என்ற ஒரு சொல் இருந்தது. பட்டை கட்டிய விரலுக்கு அது போய்விட்டது. தண்ணியா என்றாலும் நன்றி, வணக்கம். தூக்கமா என்றாலும் நன்றி, வணக்கம்.

"ரெண்டு மாசம் பல்லக் கடிச்சிக்கலாம்ங்க. பாக்கிப் பதினொண்ணு வந்துட்டா எல்லாம் சரியாப்பூடும்" என்றாள் சந்திரவதி. ஜீவராஜும் அப்படித்தான் நம்பினார். ஏழைகள் ஓர் அலுவலகத்தை நம்புகிற அளவுக்கு அந்த அலுவலகத்தில் வேலை செய்பவர்கள்கூட அதை நம்புவதில்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. ஜீவராஜ் செஞ்சிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். சந்திரவதி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நன்றி, வணக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்குப் பிள்ளை நன்றாக அழுத்துகிறாள் என்று சந்தோஷப்பட்டாள். நடுவில் ஓடிப்போய் இரண்டு தடவை கன்னத்தைத் தடவிக் கொஞ்சினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மீட்டிங் நடக்குதா உள்ள?" என்று சிரித்தாள். சந்திரவதியும் சிரித்தாள்.

மத்தியானம் பிராமிக்கு வேர்த்தது. வெயில் என்று விசிறினாள். மூன்று மணிக்குப் பச்சையாக வாந்தி எடுத்தபோதுதான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பலகையாக இருந்தது. தெருவே கூடி வண்டி பிடித்தது. ஜீவராஜ் ஆஸ்பத்திரிக்கு நேராகவே வந்து சேர்ந்தார். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் என்றார்கள். "காலையிலயே வலி இருந்திருக்கும். அப்பவே கொண்டாந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், சந்திரவதியின் முகத்தைப் பார்த்ததும் அங்கிருந்து நகர்ந்தார். மறுநாள் பகல் பிராமி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சந்திரவதி சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஒரே கேள்விதான். "காலையில அழுத்தினது வெளையாட்டுக்குத்தானே? வலி மத்தியானத்துக்கு மேலதானே வந்திருக்கும்? நான் அங்கயே இருந்தேனே, சிரிச்சிக்கினு இருந்தேனே."

ஆகஸ்டில் மையத்திலிருந்து கடிதம் வந்தது. ஆண்டு விழாவில் பயனாளியின் தகப்பனாருக்குச் சால்வை அணிவிக்கப்படும், வரும்போது டேப்லெட்டைப் பட்டையுடன் ஒப்படைக்கவும். ஜீவராஜ் கடிதத்தைக் கிழிக்கப் போனார். சந்திரவதி கையைப் பிடித்தாள்.

"போய்ட்டு வாங்க. அவங்க கணக்குல அன்னிக்கு எத்தினி மணிக்கு எவ்ளோ அழுத்தினான்னு இருக்குமாமே. கேட்டுக்கினு வாங்க."

அதற்காகத்தான் போனார்.

மேடையில் தெய்வசிகாமணி ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, அவர் நிஜமாகவே உருகிப்போயிருந்தார்.

"சரியான தளத்தைத் தேர்ந்தெடுத்தா இன்னா நடக்கும்ங்கிறதுக்கு இதைவிட அத்தாட்சி வேணுமா? வழக்கமா ஒரு நாளைக்கு முப்பது தடவை அழுத்தற பொண்ணு, ஜூன் மாசம் ஒரு வியாழக்கிழமை, ஒரே நாள்ல ஆயிரத்து நூத்தி நாப்பது தடவை நன்றி சொல்லியிருக்குது. மாநிலத்துலயே இதான் ரெக்கார்டு. அந்தக் குழந்தை இப்ப நம்மோட இல்ல. ஆனா போறதுக்கு மொத நாள் நம்ம மையத்துக்கு நன்றி சொல்லிட்டுத்தான் போயிருக்குது. நன்றி, வணக்கம்."

கடைசி இரண்டு சொல்லும் ஸ்பீக்கரில் வந்தபோது ஜீவராஜ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். சால்வை போர்த்த வந்தவர் கையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

சூர்யகலாவை மாடிப்படியின் கீழே பிடித்தார். அவள் ஏற்கெனவே அழுதிருந்தாள். கேட்டதை அச்செடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் எதிரில் மணியும் நிமிஷமும் இருந்தன.

முதல் தட்டு காலை ஐந்து நாற்பத்திரண்டு. அதற்கடுத்தது அரை நிமிஷத்தில். அதற்கடுத்தது அரை நிமிஷத்தில். இருபத்து நாலு பக்கம், எங்கேயும் ஒரு இடைவெளி கிடையாது. நிமிஷத்துக்கு இரண்டாக, மூன்று மணி பத்து வரைக்கும் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஜீவராஜ் அந்தத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டார். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தார்.

வீட்டில் சந்திரவதி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"பார்த்தீங்களா? இன்னா இருந்துச்சி?"

"பார்த்தேன். காலையில நாப்பது அம்பது தடவைதான், விட்டு விட்டு. வெளையாட்டுக்கு அழுத்தியிருக்கா. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் ஜாஸ்தி."

"நெஜமாவா?"

"எழுத்துல இருக்குது. நான் பொய்யா சொல்றேன்?"

சந்திரவதி அப்படியே கீழே உட்கார்ந்தாள். "அப்ப நாம ஜல்தியாத்தான் கூட்டிக்கினு போயிருக்கோம்" என்றாள். இரண்டு தடவை அதையே சொன்னாள். பிறகு அழுதாள், இத்தனை நாள் அழுத அழுகையாக இல்லை. பொழுது இறங்கிய பிறகு அந்த வீட்டில் சாப்பிடும் வழக்கமில்லை, வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. எழுந்து போய்ச் சோற்றைப் பிசைந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். விழுப்புரத்திலேயே விழாவில் சாப்பாடு போட்டுவிட்டார்கள் என்றார் ஜீவராஜ். அதுவும் பொய்தான்.